வீரபாண்டிக் கிணற்றில் தென்கோடித் தண்ணீர்

1966 ஆடியில் வீரபாண்டி ரங்காத்தாளின் தோட்டத்துக் கிணற்றுக்குள் கடல் வந்தது. காலையில் ஏறியது, மத்தியானம் வடிந்தது, படிக்கட்டில் நுரை ஒதுங்கியது. திருப்பூரிலிருந்து காரில் வந்த பனியன் கம்பெனி முதலாளிகள் எட்டிப் பார்த்து, இந்தத் தண்ணீரில் துணி வெளுக்குமா என்று மட்டும் கேட்டார்கள். வெளுக்காது என்று தெரிந்ததும் அவர்களுக்குக் கடல் மீதிருந்த மரியாதை போய்விட்டது. தோட்டத்துப் பருத்தி கருகியது. மடத்துக்குளத்திலிருந்து முத்தாத்தாள் மருமகளாக வந்தது அந்த வைகாசியில்தான். ரங்காத்தாளுக்கு அது போதும். மருமகள் கால் வைத்த நேரம் கிணறு உப்பாகிவிட்டது, அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட வேண்டியதுதான் என்று ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சொன்னாள். அவர்களும் காப்பியைக் குடித்துவிட்டு ஆமாம் என்றார்கள். மகன் பொங்கியண்ணன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் சேதி கேள்விப்பட்டு பம்பாயிலிருந்து கடல் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து, தண்ணீரைக் கண்ணாடிக் குப்பிகளில் பிடித்துப் போனார். அவர் சொல்லும் முடிவைக் கேட்காமல் படியிறங்க மாட்டேன் என்று முத்தாத்தாள் சொல்லிவிட்டாள். தை பிறந்ததும் அவர் திரும்பி வந்து, பெரியவர்கள் முன்னால் பொறுமையாக விளக்கினார். தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனில் கனமானதும் உண்டு, லேசானதும் உண்டு. வெயிலில் லேசானது முந்திக்கொண்டு ஆவியாகும், அதுவே தூரதேசத்தில் பனியாக விழும். அதனால் பனிக்கட்டி உருகிக் கலந்த கடலில் லேசானது கூடுதல். இந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்படிப்பட்டது. உலகத்தின் தென்கோடியில் அமிழ்ந்து, கடலடியிலேயே ஊர்ந்து வர அதற்குப் பல நூறு வருஷம் ஆகியிருக்கும். அது புறப்பட்டபோது இந்தப் பெண் மட்டுமல்ல, இந்த ஊரே இல்லை.

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ரங்காத்தாள் கைகூப்பினாள்.

"இவ வரப்போறது அதுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குதுங்க, சாமி."

பெரியவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். முத்தாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை பேர் முன்னாலும் சிரித்தாள்.

அவளை யாரும் அனுப்பவில்லை; கடலுக்குப் பயந்து ரங்காத்தாளும் மகனுமே கிளம்பினார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனி வைப்பதாக ஏற்பாடு. மூட்டைகளை வண்டியில் ஏற்றிய பிறகு பொங்கியண்ணன் வந்து நின்றான்.

"நீயும் வா, முத்தாத்தா."

"தண்ணிகூட அத்தனை தூரத்துல இருந்து வந்து சேந்துருச்சுங்க. நீங்க உங்கம்மாளத் தாண்டி ஒரு எட்டு வெக்கலீங்களே."

அவன் அதற்கும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். முத்தாத்தாள் உள்ளே போய், கிணற்றில் பிடித்த மீனைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

பம்பாய்க்காரர்கள் வருஷம் தவறாமல் வந்து குப்பி நிரப்பிப் போனார்கள். முத்தாத்தாளே கயிறு விட்டு மொண்டு கொடுத்தாள். அலைச் சத்தத்தில் நல்ல தூக்கம் வருகிறது என்றாள். எழுபதுகளில் அந்தப் பக்கம் டவுன் பஸ் விட்டபோது, கண்டக்டர் தோட்டத்துக்கு முன்னால் விசிலடித்து, "கடலெல்லாம் எறங்குங்க" என்றார். இரண்டு பேர் இறங்கினார்கள்.