மூக்குக்கு ஒரு அங்குலம் முன்னால்

ஒன்பது வருஷம் குங்ஃபூ பழகியவன், குத்துச்சண்டைக் கூடத்தில் ஒன்றரை நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற தம்பிக்காரனின் கதைதான் இது.

"அது சண்டையா, டான்ஸா?" என்று அண்ணன்காரன் ஓயாமல் சீண்டுவான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, ஞாயிறு மத்தியானம் அப்பா தூங்குகிற நேரம் பார்த்துக் கூடத்துக்குக் கிளம்பினான். அன்று அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவன் முறை.

எதிரே நின்றவர் பயில்வான் ஒன்றும் இல்லை. தொப்பை வைத்த வங்கி குமாஸ்தா. தம்பிக்காரன் விட்ட குத்தெல்லாம் அவர் மூக்குக்கு ஒரு அங்குலம் முன்னால் போய் நின்றது. குங்ஃபூ மாஸ்டரின் வகுப்பில் அதுதான் சட்டம். பழகும்போது கூட்டாளியின் முகத்தில் கை பட்டுவிட்டால், ஒரு வாரம் எல்லாருடைய உடுப்பையும் துவைக்க வேண்டும். அவனும் திட்டிக்கொண்டே துவைத்திருக்கிறான். குமாஸ்தாவின் கைக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. வெளுத்து வாங்கிவிட்டார்.

மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, இனி அந்த வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று படியிறங்கும்போது போன் வந்தது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அண்ணன் நின்றிருந்தான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"சண்டை போட்டுப் பாக்கலாம்னு..."

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. தப்பு தன்மேல்தான் என்று தெரிந்ததாலேயே தம்பிக்காரனுக்குக் கோபம் தலைக்கேறியது. குத்தினான். விளையாட்டுக்கு இல்லை, மூஞ்சியை உடைத்துவிட வேண்டும் என்றுதான். அண்ணனுக்கு நகரக்கூட நேரமில்லை.

கை நின்றது. மூக்குக்கு ஒரு அங்குலம் முன்னால்.

முஷ்டிக்கு எதிரே, போன மாதம் அவனே அளவெடுத்துப் பொருத்திக் கொடுத்த கண்ணாடி. அதற்குப் பின்னால் அழுது சிவந்த அண்ணனின் கண்கள். பட்டிருந்தால் லென்ஸ் எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று அவன் தொழிலுக்குத் தெரியும்.

அண்ணன் மெதுவாக மூச்சு விட்டான். "நிறுத்திட்டியாடா?"

"நான் நிறுத்தலண்ணே. அதுவா நின்னுடுச்சு."

"ஒன்பது வருஷமா இதையா கத்துக்கிட்ட?"

"ஆமாண்ணே."

சொல்லும்போதே அழுதுவிட்டான். துவைத்த உடுப்புகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. மாஸ்டர் எதிரே இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பான். குமாஸ்தாவிடம் தோற்றதெல்லாம் தூசு. அந்தக் குத்து பட்டிருந்தால் ஜென்மத்துக்கும் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிருக்கும், போகவில்லை. அந்தப் புண்ணியம் போதும் அவனுக்கு.

அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "என்னடா அங்க சத்தம்?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டான். தம்பியின் தோளில் கையைப் போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

"ஒண்ணுமில்லப்பா. தம்பி வந்துட்டான்."