ஊதாத விசில்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. யசோதரா சமையலறை மேசையில் தன் நடுவர் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, இரண்டு விசில், மழைக்கு மாற்றுக் காலுறை. வாரநாட்களில் அவள் சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். வார இறுதியில் கால்பந்து நடுவர். இருபத்தாறு வயதுக்குள் எட்டு வருட அனுபவம்.

"இண்டைக்கு ஆரோ உன்னைப் பாக்க வருவினம் எண்டனி?" என்று கேட்டார் அப்பா வரதராசா. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிற அவருக்கு அன்று விடுமுறை.

"ஓம் அப்பா. நடுவர்மாரைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வாறார். இண்டைக்குப் பிழையில்லாமல் செய்தால் அடுத்த சீசனுக்கு மேல் லீக்கில போடுவினம்."

"ஆற்றை மட்ச்?"

"எங்கட ஓல்டன் பெட்டையள். இருபது வயதுக்குக் கீழ். சோலோதுர்னுக்கு அங்கால ஒரு ஊர் டீமோட."

"ஓல்டன் டீமில அரைவாசி அல்பானியப் பிள்ளையள்தானே. அவையளுக்குச் சட்டெண்டு ரத்தம் கொதிக்கும். கவனமாய் நில். தேவையில்லாத சோலிக்குப் போகாதை."

யசோதரா பையை இழுத்து மூடினாள். அந்த வருடம் எங்கே போனாலும் இதே கதைதான். 2018ஆம் ஆண்டு இலையுதிர் காலம் அது. கோடையில் உலகக் கிண்ணம் முடிந்ததிலிருந்து, வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிறந்த வீரர்கள் உண்மையிலேயே சுவிஸ்காரர்தானா என்று ரயிலிலும் வேலைத்தளத் தேநீர் இடைவேளையிலும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. தேசிய கீதத்தின்போது யாருடைய வாய் அசைந்தது, யாருடைய வாய் அசையவில்லை என்று சனம் எண்ணிக்கொண்டிருந்தது. தமிழரும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆட்டம் எதிரணியின் ஊர் மைதானத்தில் இரண்டு மணிக்குத் தொடங்கியது. மெல்லிய மழை. இன்ஸ்பெக்டர் குடையோடு எதிர்ப்பக்க மேட்டில் நின்று ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ஓல்டன் அணியின் பதினோராம் இலக்கம் வியோசா. பதினேழு வயது. கொசோவோவிலிருந்து வந்த அல்பானியக் குடும்பம். ஆனால் அவள் பிறந்தது ஓல்டன் ஆஸ்பத்திரியில். அடுத்த மாதம் சுவிஸ் இளையோர் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அவளை அழைத்திருந்தார்கள். தேசிய அணியின் சிவப்புச் சட்டையை நெஞ்சோடு பிடித்துச் சிரித்த அவளுடைய படம் அந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்திருந்தது.

அதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஷ்டால்டர் என்பவரும் பார்த்திருந்தார். அறுபது தாண்டிய மனிதர். அந்த ஊர்க் கழகத்துக்கு இருபது வருடம் தலைவராக இருந்தவர். எல்லைக்கோட்டருகே, கம்பித் தடுப்புக்குப் பின்னால் தனியாக நின்றார். இரண்டாம் பாதியில் வியோசா அந்தப் பக்கமாக ஓடி வந்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"ஏய் யூகோ! அந்தச் சட்டை உனக்குப் பொருந்தாது!"

யூகோ என்பது பால்கன் நாடுகளிலிருந்து வந்தவர்களை இழிவாகச் சொல்கிற சொல். யசோதரா நான்கு மீற்றர் தூரத்தில் நின்றாள். சொல் தெளிவாகக் காதில் விழுந்தது. விசில் உதடு வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் ஒரு ஆட்டத்தில் அவளையே ஒருவன் நிறத்தைச் சொல்லித் திட்டினான். அவள் அறிக்கை எழுதினாள். அதன் பிறகு ஒரு வருடம் அவளுக்கு நல்ல ஆட்டமே கிடைக்கவில்லை. "இவள் கொஞ்சம் தொட்டாற்சுருங்கி" என்று யாரோ சொன்னதாகவும் காதில் விழுந்தது. அன்றிலிருந்து மைதானத்துக்குள் கால் வைத்ததும் காதை மூடிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும். "வாயைத் திறந்து கீதம் பாடத் தெரியாதவர்களுக்குத் தேசிய அணி ஒரு கேடா! உன் நாட்டுக்குப் போய் விளையாடு!"

"நான் ஓல்டனில் பிறந்தவள்!" என்று கத்தினாள் வியோசா. பிறகு திரும்பி யசோதராவின் கண்ணை நேராகப் பார்த்தாள். ஒரு வினாடிதான். யசோதரா கையை நீட்டி, ஆட்டம் தொடரட்டும் என்று சைகை காட்டினாள்.

மூன்றாவது தடவை அவர் வியோசாவின் தாயைப் பற்றிச் சொன்னார். அந்தச் சொல்லை இங்கே எழுத வேண்டியதில்லை. பந்து வியோசாவின் காலடியில் கிடந்தது. அவள் அதை முழுப் பலத்தோடு கம்பித் தடுப்பை நோக்கி உதைத்தாள். பந்து தடுப்புக்கு மேலால் போய் ஷ்டால்டரின் முகத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்தது. மூக்கிலிருந்து இரத்தம்.

இப்போது விசில் ஒலித்தது. யசோதரா சிவப்பு அட்டையை உயர்த்தினாள். வியோசா வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் யசோதரா கணினியில் அறிக்கையை நிரப்பினாள். 'பார்வையாளர் ஒருவர்மீது வேண்டுமென்றே பந்தை உதைத்தார்.' அடுத்த கட்டத்தில், அதற்கு முன் தூண்டுதல் ஏதும் இருந்ததா என்ற கேள்வி. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் நடுவர் அல்பானியப் பெண்ணுக்காக வக்காலத்து வாங்குகிறாள் என்பார்கள். ஆட்டத்தை அப்போதே ஏன் நிறுத்தவில்லை என்றும் கேட்பார்கள். 'எதுவும் கவனிக்கவில்லை' என்று எழுதி அனுப்பினாள். சற்று முன்புதான் இன்ஸ்பெக்டரிடமிருந்து செய்தி வந்திருந்தது. கடினமான ஆட்டத்தை நிதானமாக நடத்தினீர்கள், பாராட்டுகள் என்று.

புதன்கிழமை மாலை பல் மருத்துவமனை வரவேற்பு மேசைக்கு முன்னால் வியோசா வந்து நின்றாள்.

"முன்பதிவு இருக்கிறதா?" என்றாள் யசோதரா. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"எட்டு ஆட்டத் தடை என்கிறார்கள். தடை இருந்தால் முகாமுக்குப் போக முடியாது. நாங்கள் மேன்முறையீடு செய்திருக்கிறோம். அடுத்த செவ்வாய் விசாரணை." வியோசா குரலைத் தாழ்த்தவில்லை. "அந்த ஆள் எதுவும் சொல்லவில்லை என்கிறார். என் அணிக்காரர் எல்லாரும் மைதானத்தின் மறுபாதியில் நின்றார்கள். பக்கத்தில் நின்றது நீங்கள் மட்டும்தான்."

"நான் ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்."

"நான் உங்கள் கண்ணைப் பார்த்தேன். நீங்கள் கேட்டீர்கள்."

காத்திருந்த நோயாளி ஒருவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கினார். யசோதரா குரலைத் தாழ்த்தி, "இங்கே வேலை நேரம். தயவுசெய்து..." என்றாள்.

வியோசா போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க யசோதராவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா கேட்டபோது நடந்ததைச் சொன்னாள்.

"அது அவையளுக்கும் வெள்ளையளுக்கும் உள்ள பிரச்சினை," என்றார் வரதராசா. "நீ எழுதினதை எழுதினபடி விடு. இப்ப மாத்திச் சொன்னால் நீ பொய்க்காரி ஆயிடுவாய். எட்டு வருசம் மழையிலயும் பனியிலயும் ஓடினது வீணாப் போகும்."

"நான் பொய்தானே அப்பா எழுதினனான்."

"பொய் எழுதேல்லை. எழுதாமல் விட்டனி. ரெண்டும் ஒண்டில்லை."

அது அவளுக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. அதுதான் அவளை மேலும் பயமுறுத்தியது.

செவ்வாய்க்கிழமை அப்பாவே காரில் சோலோதுர்னுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நடுவர் என்பதால் அவளையும் அழைத்திருந்தார்கள். கால்பந்துச் சங்கத்தின் விசாரணை ஒரு அலுவலகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில். அப்பா கீழே காரில் இருந்தார். மேலே நடைபாதையில் ஒரு பக்கம் வியோசாவும் தாயும். மறுபக்கம் புதுக் கண்ணாடியோடு ஷ்டால்டர். அவர் இயந்திரத்திலிருந்து இரண்டு கோப்பை கோப்பி எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றை யசோதராவிடம் நீட்டினார்.

"உங்கள் அறிக்கையை வாசித்தேன். நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள்," என்றார் அன்பாக. "நீங்கள் தமிழரா? எனக்குத் தெரியும். என் அம்மாவை முதியோர் இல்லத்தில் பார்த்துக்கொண்டதும் ஒரு தமிழ்ப் பெண்தான். தங்கமான ஆள். நீங்கள் இவர்களைப் போல இல்லை. உழைப்பீர்கள், வாயைத் திறக்க மாட்டீர்கள். எல்லா வெளிநாட்டாரும் உங்களைப் போல இருந்தால் இந்த நாட்டில் பிரச்சினையே இருக்காது."

யசோதராவின் கையில் கோப்பி சுட்டது. பத்தடி தூரத்தில் வியோசா தலையைத் தூக்காமல் இருந்தாள். அவளுக்கும் அது கேட்டிருக்கும். அந்த மனிதர் பொய்யாகப் பாராட்டவில்லை. மனதாரத்தான் சொன்னார். இந்தப் பாராட்டுக்கு ஒரு விலை இருக்கிறது என்று யசோதராவுக்கு அந்தக் கணம் விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அந்த விலை. என்றைக்கு வாயைத் திறக்கிறாளோ, அன்றைக்கு அவளும் 'இவர்களில்' ஒருத்தி.

கோப்பையை ஜன்னலோரம் வைத்தாள். அதற்குள் கதவு திறந்து உள்ளே அழைத்தார்கள்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் விசாரணைக் குழுவின் தலைவி. அவர் அறிக்கையைச் சத்தமாக வாசித்தார். ஷ்டால்டர் தன் பக்கத்தைச் சொன்னார்: அணிக்கு உற்சாகம் கொடுத்தது மட்டும்தான். வியோசா தன் பக்கத்தைச் சொன்னாள். தாயைப் பற்றிய சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டிவந்தபோது அவளால் முடியவில்லை. அவளுடைய தாய் மகளின் முதுகில் கை வைத்தார்.

"நடுவர் அவர்களே," என்றார் தலைவி, "உங்கள் அறிக்கையில் ஏதாவது சேர்க்கவோ மாற்றவோ இருக்கிறதா?"

இல்லை என்ற ஒரே சொல்லோடு யசோதரா வெளியே போய்விடலாம்.

"இருக்கிறது," என்றாள். "நான் எழுதியது உண்மை இல்லை. மூன்று தடவையும் கேட்டேன்."

கேட்ட மூன்றையும், கடைசிச் சொல் உட்பட, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஷ்டால்டர் எழுந்துவிட்டார். "என்ன இது! வெளியில்தானே உங்களோடு..." தலைவி அவரை உட்காரச் சொன்னார்.

"கேட்டிருந்தால் ஏன் எழுதவில்லை?"

"பயம்."

"எதற்குப் பயம்?"

"நானும் வெளிநாட்டுக்காரரின் பிள்ளை. இன்னொரு வெளிநாட்டுக்காரரின் பிள்ளைக்காக விசில் ஊதினால் அதன் பிறகு என்னை நடுவராகப் பார்க்க மாட்டீர்கள், அவர்களில் ஒருத்தியாகப் பார்ப்பீர்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு இந்தப் பிள்ளையைப் பலிகொடுத்தேன்."

"இது உங்களையும் பாதிக்கும். தெரியும்தானே?"

"தெரியும்."

அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. பந்தை உதைத்தது குற்றம்தான். வியோசாவுக்கு எட்டு ஆட்டத் தடை மூன்றாகக் குறைந்தது. முகாமுக்கு முன்பே அது முடிந்துவிடும். ஷ்டால்டர் ஒரு சீசனுக்கு எந்த மைதானத்துக்கும் வரக் கூடாது. பொய் அறிக்கை தந்ததற்காக யசோதரா ஆறு மாதம் நடுவராக இருக்க முடியாது. மேல் லீக் பேச்சுக்கே இடமில்லை.

நடைபாதையில் வியோசா அவளிடம் வந்தாள்.

"நன்றி சொல்லச் சொல்லி அம்மா அனுப்பினாள். எனக்கு அது இன்னும் மனதில் வரவில்லை. முதல் தடவையே நீங்கள் ஊதியிருந்தால் நான் அந்தப் பந்தை உதைத்திருக்க மாட்டேன்."

"உண்மை," என்றாள் யசோதரா. "என்னை மன்னி."

வியோசா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்துவிட்டுத் தாயோடு படியிறங்கினாள்.

காரில் ஏறி நடந்ததைச் சொன்னபோது வரதராசா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். ஊரெல்லை தாண்டியதும் வெடித்தார்.

"ஆறு மாசம்! எல்லாத்தையும் கொண்டுபோய் ஆத்தில போட்டிட்டாய். அந்தப் பெட்டை உனக்கு என்ன சொந்தமோ சாதியோ? உனக்கேன் இந்த வேலை?"

"அப்பா, அந்தாள் என்னட்ட என்ன சொன்னவர் தெரியுமோ? தமிழர் நல்லவையாம், வாய் திறக்காயினமாம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கிற வரைக்கும்தான் நல்லவை. அப்பிடியொரு நல்ல பேர் எனக்கு வேண்டாம்."

வரதராசா காரை ஓரமாக நிறுத்தினார். வைப்பர் மட்டும் இங்கும் அங்கும் ஓடியது. அவர் பேசத் தொடங்கியபோது குரல் மாறியிருந்தது.

"உனக்கு நான் ஒருநாளும் சொல்லேல்லை. எண்பத்தஞ்சாம் ஆண்டு, நான் வந்த புதுசு. ஸ்டேசனில ரயிலுக்கு நிண்டனான். ஒருத்தன் வந்து, கறுப்பா உன்ர நாட்டுக்குப் போ எண்டு முகத்தில துப்பினவன். பக்கத்தில பத்துப் பன்னிரண்டு சனம் நிண்டது. ஒராள் வாய் திறக்கேல்லை." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், இப்போதும் அங்கே ஏதோ இருப்பதுபோல. "துப்பினவன்ர முகம் எனக்கு மறந்துபோச்சு பிள்ளை. பேசாமல் நிண்டதுகளின்ர முகம்தான் இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது."

யசோதரா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எவன் திட்டிறான், எவள் திட்டு வாங்கிறாள் எண்டு பாத்து நியாயம் கதைக்கிறது நியாயமே இல்லை," என்றார் வரதராசா. "இண்டைக்கு அல்பானியப் பிள்ளைக்கு விழுகிற சொல்லைக் கேட்டும் கேளாத மாதிரி இருந்தால், நாளைக்கு எங்கட பிள்ளைக்கு விழேக்க ஆர் கேப்பினம்? நானும் இவ்வளவு காலமும் அந்த ஸ்டேசனில நிண்ட பன்னிரண்டு பேரோட சேந்துதான் நிண்டிருக்கிறன். நீதான் அதுக்குள்ள இருந்து வெளியில வந்தனி."