மிச்சத்தை அவள் போடுவாள்

எழில் 'd' என்ற எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினான். கம்பெனியின் டிஸ்பாட்ச் பக்கம் திறக்க வேண்டும். திறந்ததோ ரத்தப் பரிசோதனை நிலையத்தின் பக்கம். 'நோயாளி எண்ணை உள்ளிடவும்' என்று ஒரு வெள்ளைக் கட்டம் காத்திருந்தது.

காலை மீட்டிங்கிலும் இதேதான் நடந்தது. அம்பத்தூர் எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்திருந்த மேனேஜர், அவன் வீட்டிலிருந்து பகிர்ந்த திரையைப் பார்த்துவிட்டு, "எழில், உடம்பு சரியில்லையாப்பா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார். "இல்ல சார், தப்பா வந்துடுச்சி" என்றான் எழில். அவசரமாக அந்தப் பக்கத்தை மூடினான். எல்லோரும் பார்த்துவிட்டதுதான் அவனை அதிகமாக எரிச்சல்படுத்தியது.

இரண்டு பக்கங்களின் முகவரியும் ஒரே எழுத்தில் தொடங்கித் தொலைக்கிறது. மனைவி நாகவல்லி டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிளேட்லெட் அளவு ஏறியிருக்கிறதா என்று அவளுடைய இந்த லேப்டாப்பில்தான் அவன் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தான். பிரவுசர் அதை மனப்பாடம் செய்துகொண்டது. அவள் போன பிறகு ஒரு மழைக்காலமும் வந்துவிட்டது. அண்ணனூர் வீட்டில் அவளுடைய செருப்பைக்கூட யாரோ எடுத்து அப்புறப்படுத்திவிட்டார்கள். இது மட்டும் அவன் ஒரு எழுத்தைத் தட்டியதும் ஓடிவந்து மிச்சத்தை எழுதிக் காட்டுகிறது.

செட்டிங்ஸில் நுழைந்து, முகவரியைத் தானாக நிரப்பும் வசதியைத் தேடி அணைத்தான். 'd' தட்டினான். அதே பக்கம். அந்த வரிக்குப் பக்கத்திலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி நீக்கினான். அதே நிலையத்தின் வேறொரு வரி மேலே வந்து நின்றது. அதையும் நீக்கினான். இன்னொன்று வந்தது. ஆசிக்குக்கு போன் போட்டான். அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரச்சனைகளைப் பார்ப்பவன் முகமது ஆசிக். கல்லூரிக் காலத்திலிருந்து கூட்டாளி.

"ஆஃப் பண்ணாலும் வருதுடா."

"மச்சான், நீ ஆஃப் பண்ணது வேற. இது ஹிஸ்டரிலேந்து வருது. ஒண்ணொண்ணா புடுங்கினு கீறியா? அங்கயே 'எல்லா நேரமும்'னு ஒண்ணு கீது பாரு, அத்த வெச்சி மொத்தமா தொடச்சி உட்டுடு."

"பாஸ்வேர்டெல்லாம் பூடுமா?"

"அந்த டிக்க எடுத்துடு மாமே. ஊட்ட பெருக்க சொன்னா கட்டிலயா தூக்கிப் போடுவ?"

எழில் அழுத்தினான். பொத்தானுக்கு மேலே பொடி எழுத்தில் ஏதோ ஒரு வரி இருந்தது. படிக்கவில்லை. நீல வட்டம் சுற்றி நின்றது. 'd' தட்டினான். ஒன்றும் வரவில்லை. பல் இடுக்கில் சிக்கியிருந்த நார் வெளியே வந்ததுபோல் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கம்பெனி முகவரியை முழுதாக அடித்து வேலையைப் பார்த்தான்.

மதியம் சாப்பிட்டு எழுந்தபோது நாகவல்லியின் அம்மா பொன்னம்மாள் கூப்பிட்டாள். குமணன்சாவடியில் வீட்டின் முன்னறையிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். நாகவல்லியின் போன் இப்போது அவளிடம்தான் இருக்கிறது.

"மாப்ள, இந்த போனு இன்னாமோ ஆய்டிச்சி. B போட்டா பேங்க்கு, பஸ்ஸுன்னு யார்யாரோ வராங்க. ஜாக்கெட்டு வரல."

"எந்த ஜாக்கெட்டு அத்த?"

"அதான், வல்லி வெச்சிக் குட்த்தாளே, டிசைன் படம். கஸ்டமரு வேற வந்து குந்திகினு கீறாங்க."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டான். லேப்டாப்பைத் திறந்து, காலையில் படிக்காமல் விட்ட வரியைப் படித்தான். இந்தக் கணக்கில் இணைந்திருக்கும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கப்படும். லேப்டாப்பிலும் போனிலும் இருந்தது ஒரே கணக்கு. நாகவல்லியுடையது.

"வரேன் அத்த" என்றான்.

பைக்கை எடுத்தான். ஆவடி சிக்னலில் வெயில் தலையில் உட்கார்ந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு தண்ணி லாரி வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தது. இத்தனைக்கும் அவன் நீக்க நினைத்தது ஒரே ஒரு வரியை. ஒரு வரியை நீக்கத் தெரியாதவனுக்கு எதற்குப் படிப்பு என்று தோன்றியது. குமணன்சாவடியில் மெட்ரோ தூண்களுக்கடியில் மாட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடியே இருந்தான். முன்னால் இருந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "இன்னா நைனா, பறந்து போவட்டுமா?" என்றார்.

முன்னறையில் சுதா என்ற அடுத்த தெருப் பெண் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டாருப்பா போன் டாக்டரு. சீக்கிரம் பாருங்க, நிச்சயதார்த்தமே முடிஞ்சிரும் போல" என்றாள்.

பொன்னம்மாள் போனைப் புடவைத் தலைப்பில் துடைத்து நீட்டினாள். "எனக்கு இன்னா மாப்ள இங்கிலீசு தெரியும். 'நீ B மட்டும் போடும்மா, மிச்சம் தன்னால வரும்'னு சொல்லிக் குட்த்தா. நான் ஒரு எழுத்து போடுவேன். மிச்சத்த அவ போட்டுக்குவா. இத்தினி நாளா அப்டித்தான் வந்துகினு இருந்திச்சி."

"நான்தான் அத்த அழிச்சிட்டேன். லேப்டாப்ல."

"அது உங்க ஊட்ல கீது. இது என் கையில கீது. அதுல அழிச்சா இதுல எப்டி போவும்?"

"ரெண்டும் வல்லி பேர்ல கீது."

பொன்னம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு மிஷினில் பாதி தைத்துவிட்டிருந்த கைத்துணியை எடுத்து உதறி, மறுபடி அங்கேயே வைத்தாள்.

அவன் தேடினான். நாகவல்லி என்ன வார்த்தை போட்டு அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. ஜாக்கெட் டிசைன்கள் மலைபோல் வந்து குவிந்தன. "இது இல்ல மாப்ள." "இதுவும் இல்ல." சுதா எட்டிப் பார்த்து, "அந்தப் பக்கத்து ஓரத்துல கிளிப்பச்சை பட்டையா இருக்கும், முதுகுல மயில் வெச்சது மேல இருக்கும்" என்றாள். அவசரத்தில் எழுத்துகள் தப்பாக விழுந்தன. மனைவி தன் அம்மாவுக்காகத் தேடிவைத்த பக்கம் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் எழுதிவைத்தவற்றில் அவனுக்கு ஒரே ஒரு d தான் தெரியும். அதுவும் அவனே எழுதியது.

கடைசியில் கிளிப்பச்சைப் பட்டை வந்தது. சுதா ஒரு டிசைனைக் காட்டி, துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். எழில் அந்த முகவரியை எழுத்தெழுத்தாக அடித்துத் திறந்தான். மூடிவிட்டு மறுபடி அடித்தான். பிரவுசர் கற்றுக்கொள்ளும்வரை அடித்தான்.

"இப்ப B போடுங்க."

அவள் போட்டாள். மிச்சம் ஓடிவந்து நிரம்பியது.

"வந்துடிச்சி" என்றாள் பொன்னம்மாள். வரியைத் தொடவில்லை. "இது நீங்க போட்டது."

"ஆமா அத்த."

அவள் அந்த B-யை அழித்தாள். கீபோர்டின் மேல் வரிசையில் இடது ஓரத்து எழுத்தை அழுத்தினாள். முன்பின் தெரியாத வரிகள் கீழே இறங்கின.

"இது அவ போட்டதா?"

"இல்ல அத்த."

அழித்தாள். பக்கத்து எழுத்தை அழுத்தினாள். "இது?"

"எல்லாம் போயிடிச்சி அத்த."

அவள் தலையாட்டினாள். ஹெல்மெட்டைக் கையில் எடுத்த எழில் அதை மறுபடி மிஷின் மேல் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பொன்னம்மாள் அழித்துவிட்டு, அடுத்த எழுத்தின் மேல் விரலை வைத்தாள்.