நாலு வயசு வித்தியாசம்

என் பெயர் பஞ்சநதம். முப்பத்து மூன்று வயதுக்காரனுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் கனம்தான். திருவையாற்றுச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் வந்த வினை. பாபநாசம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வீட்டில் ஒரு வேலி நிலம், ஒரு போர்செட், ஒரு அம்மா. இந்த மூன்றையும் சொன்னால் பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினேன். சில வருடங்களாக வரிசையில் நிற்பது நான்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்கு மெட்ராஸ்ல வேலை கிடைக்காதா?" என்று கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். அதோடு சரி.

கல்யாணத் தரகர் தியாகேசன் இப்போதெல்லாம் வீடு வீடாக நடப்பதில்லை. வாட்ஸ்அப் குழுக்களிலேயே தொழில் நடக்கிறது. "சார், உங்க எதிர்பார்ப்ப ஒரே வரியில அனுப்புங்க. நீளமா எழுதினா யாரும் படிக்க மாட்டேங்குறாங்க" என்றார். அம்மாவிடம் கேட்டேன். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"வயசு வித்தியாசம் நாலுக்கு மேல போகக் கூடாது. அவ்வளவுதான். மத்ததெல்லாம் வர்றவ பார்த்துப்பா."

அந்த வாரம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் மட்டு மதிப்பு. பிள்ளைகள் மாடுலஸ் என்பார்கள். ஓர் எண் இன்னோர் எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குக் கவலை. மேலே தள்ளியா, கீழே தள்ளியா என்று கேட்காது. வித்தியாசம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. பெண்ணின் வயதை 'வ' என்று வைத்துக்கொண்டு எழுதினேன்:

|வ − 33| ≤ 4

எழுதிவிட்டு நானே கொஞ்ச நேரம் ரசித்தேன். இவ்வளவு அழகாக எதிர்பார்ப்பைச் சொன்ன மாப்பிள்ளை தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இருக்க மாட்டான் என்று தோன்றியது. இல்லைதான். வேறு எவனுக்கும் அவ்வளவு கிறுக்கு இல்லை.

தியாகேசன் போன் செய்தார். "என்ன சார் இது, ரெண்டு கம்பிக்கு நடுவுல பொண்ண நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்றார். படித்தவர்களுக்குப் புரியும், அப்படியே அனுப்புங்கள் என்று மிடுக்காகச் சொன்னேன். அனுப்பினார். ஒருவர், இது தப்பாக வந்த பாஸ்வேர்டா என்று கேட்டாராம். இன்னொருவர், அந்த நாலு என்பது ஏக்கர் கணக்கா, வேலிக் கணக்கா என்று விசாரித்தாராம்.

அந்த வாரக் கடைசியில் புது எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"வணக்கம் சார். நான் அனுராதா, வலங்கைமான். கரண்ட் ஆபீஸ்ல ஏ.இ.யா இருக்கேன். உங்க கணக்கப் போட்டுப் பார்த்தேன். இருபத்தொம்பதுலேருந்து முப்பத்தேழு வரைக்கும் வருது. சரிங்களா?"

"சரிதாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே வியர்த்தது. முப்பத்தேழா?

"எனக்கு முப்பத்தாறு. தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

தவறு நடந்துவிட்டது, மன்னியுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கணக்கு வாத்தியார் ஒருவன் தன் சொந்த வயதுக் கணக்கில் கோட்டை விட்டான் என்று ஓர் இன்ஜினியர் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது? "தெரிஞ்சுதாங்க எழுதினேன். வயசுல என்னங்க இருக்கு?" என்றேன். பெரிய சீர்திருத்தவாதி மாதிரி என் குரல் எனக்கே கேட்டது.

அப்புறம் நாங்கள் அடிக்கடி பேசினோம். நேரில் முதலில் சந்தித்தது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அடியில். மோட்டார் புகைந்துபோன ஒரு விவசாயி கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அனுராதா குரலை உயர்த்தாமல், மீட்டரைப் பார்த்து, கம்பத்தில் இருந்த ஆளுக்கு வேலை சொல்லி, விவசாயியையும் சமாதானப்படுத்தி அனுப்பினார். பிறகு என்னிடம் வந்து, "வோல்டேஜ் கூடினாலும் மோட்டார் போகும், குறைஞ்சாலும் போகும். ஆனா குறைஞ்சா மட்டும்தான் எங்களத் திட்டுவாங்க" என்று சிரித்தார். நான் அங்கேயே விழுந்துவிட்டேன். இவர் இல்லாமல் இனி எனக்கு ஆகாது என்று அந்த வரப்பில் நின்றபோதே தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் வயதைச் சொன்னேன். முறம் கீழே விழுந்தது.

"வித்தியாசம்னா பொண்ணு சின்னவளா இருக்கணும்னு அர்த்தம்டா! பால்காரருக்குத் தெரியும், தியாகேசனுக்குத் தெரியும். எம்.எஸ்ஸி. படிச்ச உனக்குத் தெரியலையே!"

அதை நீ சொல்லவில்லையே என்றேன். "சோத்த வாயால சாப்பிடுன்னும் நான் சொன்னதில்ல" என்றாள்.

தியாகேசன் சமாதானத்தோடு வந்தார். ஊருக்கும் உறவுக்கும் பெண்ணுக்கு முப்பத்திரண்டு என்று சொல்லிவிடலாம். அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லி வருகிறார்களாம், யாருக்கும் சங்கடமில்லை. அம்மா யோசித்துவிட்டு, "எங்க அண்ணன் கிட்டயும் அதேதான் சொல்லணும்" என்று இறங்கி வந்தாள். நானும் தலையாட்டினேன். கல்யாணம் நடந்தால் போதும் என்றிருந்தது. சீர்திருத்தவாதி எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை.

அனுராதாவிடம் போனில் சொன்னேன். 

"சார், அன்னைக்கு நான் ஏன் உங்களுக்கு போன் பண்ணினேன் தெரியுமா? பல வருஷமா எங்க வீட்ல என் வயசக் குறைச்சுக் குறைச்சுத்தான் சொல்றாங்க. வர்றவங்க முன்னாடி நான் என் பொறந்த வருஷத்த மறந்துட்ட மாதிரி நிக்கணும். உங்க ஒரு வரியிலதான் எதையும் குறைக்காம நான் உள்ள வந்தேன். இப்ப நீங்களும் குறைக்கச் சொல்றீங்க."

உண்மையைச் சொல்லிவிட்டேன். "அத நான் தெரிஞ்சு எழுதலைங்க. யோசிக்காம எழுதினது. உங்க கிட்ட பொய் சொன்னேன்."

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழம யோசிச்சுட்டு வாங்க" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனோம். அம்மா, நான், அம்மாவின் அண்ணன் நெடுமாறன் மாமா. அனுராதா காபித் தட்டோடு வந்து நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணுக்கு என்ன வயசு ஆகுதுங்க?"

அனுராதாவின் அப்பா தரையைப் பார்த்தார். "முப்பத்தி..." என்று தொடங்கினார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"முப்பத்தாறு மாமா" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் என் குரல் அந்தச் சின்னக் கூடத்தில் தேவைக்கு மேலேயே கேட்டது. "என்னைவிட மூணு வயசு பெரியவங்க. தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

மாமா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியில் அனுராதாவின் அப்பாவிடம் திரும்பினார்.

"ஏங்க, அப்ப தரகர் முப்பத்திரெண்டுன்னாரே? பொண்ணு வயசப் போய் இப்படிக் குறைச்சுச் சொல்லலாமா?"

அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ளதச் சொன்னா எங்க வீட்டு வாசப்படி யாருங்க ஏறுறாங்க?" என்றார்.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அவள் எழுந்து போவாள், மாமா பின்னாலேயே போவார், நான் நடுவில் நிற்பேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

"ஏன், நாங்க ஏறி வந்து உக்காந்திருக்கோம்ல?" என்றாள் அம்மா. குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. அனுராதாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். "நீ உக்காரும்மா. எவ்வளவு நேரம் நிப்ப?"

சம்பந்தம் முடிவாகும்வரை எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. காபியோடு எழுந்துவிட வேண்டும். அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பி, அனுராதாவின் அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"எலையப் போடுங்க. சாப்பிட்டுட்டுத்தான் போறோம்."