அருள் அன்று, சினம்

ஆடித் திங்களின் முற்பகல். திருப்புல்லாணிக்குத் தெற்கே, உடைமரங்களும் பனைகளும் முன்பின்னாக நிற்கும் மணல்மேடுகளைக் கடந்து சென்றால், சோழகம் என்னும் தென்காற்றால் ஓயாது குமுறும் கடலும், அதற்கு அஞ்சிக் கரையேற்றப்பட்ட வள்ளங்களும், அவற்றின் நடுவே வெள்ளையடித்த சிறிய அம்மன் கோவிலும் தோன்றும். அதுவே வேம்படித்துறை என்னும் மீனவர் குடியிருப்பு. காற்று நின்றபாடில்லை. மணலை வாரி வாரி ஊரார் முகத்திலும், கோவில் வழக்கைப் பேசித் தீர்க்க வந்து பந்தலின்கீழ் அமர்ந்திருந்த வட்டாட்சியர் அம்மையாரின் தாள்களிலும் இறைத்துக்கொண்டிருந்தது.

அப்பந்தலின் ஓரத்தில், உட்காரவும் மனமின்றி நிற்கவும் நிலைகொள்ளாது, முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள் கோவில் பூசாரி துர்காதேவி. அவள் திருநங்கை. அவள்மேல் அம்மன் அருள் இறங்கும்பொழுது ஊர் முழுதும் ‘தாயே’ என்று காலில் விழும். அம்மன் மலையேறிவிட்டால் அதே ஊர் எட்ட நின்று பேசும். உள்ளதைச் சொல்வதானால், படிப்போரே, அந்த ஏற்பாட்டிற்கு அவளும் நெடுங்காலம் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சென்ற ஆண்டுத் திருவிழாவில், அவள் மகளாகத் தத்தெடுத்து வளர்க்கும் திருநங்கை கீர்த்தனியை, ஊர்த்தலைவர் நம்புராசனின் உறவினர் குடிவெறியில் அடித்துக் கையை முறித்தபின், அவளால் தலையாட்ட இயலவில்லை. காவல்நிலையத்தில் முறையிட்டாள், கடற்கரை ஊர்களில் தெய்வப்பணி புரியும் பிற திருநங்கையரையும் திரட்டிச் சென்று, சட்டம் தந்த காப்பு தங்கள் ஊர்களுக்கும் வந்து சேரவேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் வேண்டினாள். ஊர் பொறுக்குமா? கோவில் திறவுகோலைப் பறித்துக்கொண்டது.

“போலீசுல குடுத்த புகார வாபஸ் வாங்கிரு. சாவிய இப்பவே தாரோம். நம்ம ஊரு வெவகாரம் நம்ம ஊருக்குள்ளயே இருக்கட்டும்,” என்றார் நம்புராசன்.

அருகில் அமர்ந்திருந்த கீர்த்தனியை விட்டு, துர்காதேவி முன்வந்தாள். “அண்ணே, அம்மனுக்குச் சோறு பொங்க நான் வேணும், குறி சொல்ல நான் வேணும். எம் மகளுக்கு ஒண்ணுன்னா மட்டும் நான் யாரோவா?” என்று தொடங்கியவளுக்கு, மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அடிவயிற்றிலிருந்து பொங்கிவர, உடல் நடுங்கிற்று, கொண்டை அவிழ்ந்து கூந்தல் முகத்தில் விழுந்தது, குரல் தடித்தது.

முன்வரிசையில் இருந்த ராக்கு என்னும் மீன்விற்பவள் அதைக் கண்டதுதான் தாமதம், குலவையிட்டாள். மற்றப் பெண்டிரும் குலவையிட, எவரோ வேப்பிலை ஒடித்துவர, எவரோ சூடம் கொளுத்த, கூட்டம் மொத்தமும் மணலில் விழுந்து வணங்கிற்று. நம்புராசனும் விழுந்தார். “தாயே, கோவிச்சுக்கிறாத. நீ என்ன சொன்னாலும் சரி. சாவியும் ஒனக்குத்தான், வழக்கும் நடக்கட்டும்,” என்று திறவுகோலை அவள் காலடியில் வைத்தார்.

வட்டாட்சியர் மட்டுமே அமர்ந்தவாறு, எழுதுகோலைக் கையில் பிடித்துத் திகைத்தார். “இத யாரு கேட்டதா நான் எழுதட்டும்?” என்றார்.

ஒரு சுற்றுச் சுற்றி ஆடினால் போதும். கேட்டதெல்லாம் கைக்கு வந்துவிடும் என்பது துர்காதேவிக்குத் தெரியும். ஆசையும் எழுந்தது, அதை மறைப்பானேன்? ஆனால் அம்மன் மலையேறிய மறுநாள், கைமுறிந்த கீர்த்தனி கடைத்தெருவில் நடக்கும்பொழுது, அவளுக்குத் துணை யார்? நாளெல்லாம் சாமியாடிக்கொண்டே வாழ முடியுமா? நீட்டப்பட்ட வேப்பிலையை விலக்கினாள். கூந்தலை வாரி முடிந்தாள்.

“சாமி வரல,” என்றாள். “எனக்குக் கோவந்தான் வந்துருக்கு. கேக்குறது நானு, துர்காதேவி. அப்படியே எழுதிக்கங்கம்மா.”

குனிந்து திறவுகோலை எடுத்து நம்புராசன் கையிலேயே திருப்பி வைத்தாள். “எந்திரிங்கண்ணே. அம்மனுக்குக் குடுத்தத நான் வாங்க மாட்டேன். எனக்குக் குடுக்குறதுன்னா நின்னு குடுங்க.”

குலவை பாதியில் அறுந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, முழங்கால் மணலைத் தட்டியவாறு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நின்றனர். நம்புராசனும் எழுந்தார். முகம் கறுத்தது. திறவுகோலை மடியில் செருகிக்கொண்டு விலகி நடந்தார்.

போனது போயிற்று என்று துர்காதேவி கீர்த்தனியின் நல்ல கையைப் பற்றிப் புறப்படும் வேளையில், ராக்கு வட்டாட்சியர் எதிரே போய் நின்றாள். குலவையிட்ட வெட்கம் இன்னும் அவள் முகத்தில் இருந்தது. “இந்தப் புள்ளய அடிச்சத நான் பாத்தேன். இவ்வளவு நாளும் வாயத் தொறக்கல. எம் பேரு ராக்கு, எழுதிக்கங்க,” என்றாள்.

கோவில் அன்று திறக்கவில்லை. இனி என்று திறக்குமோ, எவர் கையால் திறக்குமோ, துர்காதேவி அறியாள். தெய்வம் என்றால் விழுந்து வணங்க ஊருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மனுசிக்காக எழுந்து நிற்க அன்று ஒருத்திக்குத்தான் தெரிந்தது.