லிஃப்ட் அண்ணனின் முதுகு

மருத்துவமனையில் பதினெட்டு வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். எல்லாருக்கும் லிஃப்ட் அண்ணன். அடித்துப் பிடித்து மாலைக் கல்லூரியில் பட்டமும் வாங்கப்போகிறார். அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வழிகாட்டும் மேசைக்கு ஆள் எடுத்தார்கள். வயது வரம்பு நாற்பத்தைந்து. அண்ணனுக்கு அடுத்த மாதம் நாற்பத்தாறு. இதை விட்டால் ஆயுசுக்கும் பொத்தானை அமுக்க வேண்டியதுதான்.

கல்லூரியின் வேலை ஆலோசகர், அவர் மகள் வயதுப் பெண், எதிரே உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். அவரைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். மனிதருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பாட்டில் தண்ணீர் காலியானதுதான் மிச்சம்.

கூட வந்திருந்த மனைவிதான் குட்டை உடைத்தாள். "மூஞ்சியப் பாத்தா இவருக்குப் பேச்சு வராதும்மா. எங்கிட்டயே பீரோவப் பாத்துத்தான் பேசுவாரு."

லிஃப்டில் கதவைப் பார்த்தபடி, பின்னால் நிற்பவர்களோடு பேசியே பழகியவர், பாவம். ஆலோசகர் அவர் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். அவ்வளவுதான், மனிதர் வெளுத்து வாங்கிவிட்டார். எந்த டாக்டர் எந்த மாடி, யாரைச் சக்கர நாற்காலியில் ஏற்ற வேண்டும், எல்லாம் அத்துப்படி. ஆலோசகருக்குப் பெருமை ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம்.

"முடியலன்னா கூச்சப்படாம திரும்பி நின்னுக்கட்டுமான்னு கேட்டுருங்கண்ணா," என்றாள். இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடையாது.

நேர்காணலில் மூன்று பேர். அண்ணன் திணறினார், வியர்த்தார், கடைசியில் கேட்டே விட்டார். இருவர் முகம் சுளித்தார்கள். நடுவில் இருந்த அம்மாள், புதிதாக வந்த நிர்வாக அதிகாரி, சரி என்றார். அண்ணன் கதவைப் பார்த்து நின்று பேச ஆரம்பித்தார். பாதியில் அந்த அம்மாள் குறுக்கிட்டார்.

"எங்கம்மா இங்கதான் இறந்தாங்க. மூணு வருஷம் ஆச்சு. நான் அழுதுக்கிட்டே லிஃப்ட்ல வந்தேன். கீழ வந்தும் கதவத் திறக்காம மறுபடி மேல கொண்டு போனீங்க. 'வெளிய உங்க பிள்ளைங்க நிக்கிறாங்க, கண்ணத் தொடச்சுக்கங்கம்மா'ன்னீங்க. திரும்பிக்கூடப் பாக்கல."

அண்ணன் மெல்லத் திரும்பினார். லிஃப்டின் பளபளத்த கதவில் அன்று மங்கலாகப் பார்த்த முகத்தை இப்போது நேராகப் பார்த்தார்.

"பிள்ளைங்க நல்லா இருக்காங்களாம்மா?"

மற்ற இருவரும் பேனாவை எடுத்து மதிப்பெண் போட ஆரம்பித்தார்கள்.