மலைச்சாமியின் நாலாம் நாள் எண்

1.

வார இதழ் ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு கொலை. என்னிடம் இருப்பதோ ஒரு ரத்தப் பரிசோதனை. 2009இல் தேனி ஆஸ்பத்திரி ஒன்றில், கைக்கட்டுப் பிரிக்கக் காத்திருந்தபோது, வார்டுக்குள் ஒருவர் தன் ரத்த மார்க்கைச் சொல்லிப் பீற்றிக்கொள்வது காதில் விழுந்தது. அங்கேயே திருடிவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: ‘மரணம் சரியாக நான்கு மணிக்கு அந்த வார்டின் கதவை—’

வேண்டாம். நாயகன் சாகிற ஆள் மாதிரியே இல்லை.

இரண்டாவது: சுருளிப்பட்டித் திராட்சை விவசாயி மலைச்சாமிக்குக் குடலில் புற்று. வெட்டி எடுத்து, மீதியைத் தைத்து இணைத்தாயிற்று. தையல் பிடிக்குமா, கசியுமா? துப்புக் கிடைக்க டாக்டர் தினமும் சி.ஆர்.பி. பார்த்தார்.*

(*உள்ளே அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம். கத்தி பட்டால் யாருக்கும் ஏறும். மூன்றாம் நாளுக்குப் பிறகு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வயிற்றை மறுபடி திறக்க நேரலாம்.)

3.

மலைச்சாமிக்குத் தெரிந்த ஒரே மீட்டர், வியாபாரி திராட்சைச் சாற்றைச் சொட்டுவிட்டு இனிப்புப் பார்ப்பது. எண் ஏறினால் பழம் உசத்தி.

மூன்றாம் நாள் மனைவியிடம் மார்தட்டினார். “நேத்து நூத்தி எம்பது, இன்னைக்கு இருநூத்திப் பன்னெண்டு! பாத்தியா ராஜாத்தி? முந்நூறத் தொட்டா வீரபாண்டியில அக்கினிச்சட்டி எடுக்கிறதா ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

வேறொரு சோதனைக்கு ரத்தம் எடுக்க வந்த லேப் பெண் ஹுஸ்னாவின் கையில் ஊசி அப்படியே நின்றது. “அண்ணே, அது எறங்கணும்ணே!”

“எறங்கணுமா?”

ராஜாத்தி தலையில் கைவைத்தாள். “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா?”

“ரத்துப் பண்ணிருவமா?”

“ஆத்தா என்ன பஸ்ஸா, டிக்கெட்ட ரத்துப் பண்ண?” ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். “தாயே, மயக்க மருந்துல ஒளறிட்டாக. நூறுக்குக் கீழ எறக்கு. சட்டிய அவுகளே எடுப்பாக.”

“தையலோடயா?”

“சித்திரைத் திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கு.”

“நானும் ஒரு துஆ செஞ்சு வைக்கிறேன்க்கா,” என்றாள் ஹுஸ்னா.

“சிரிக்க வைக்காதீக, பிரிஞ்சிரும்!” வயிற்றைப் பிடித்துக்கொண்டார் மலைச்சாமி. ஹுஸ்னா போனதும் குரல் தாழ்ந்தது. “நெசமாவே மறுபடி தெறப்பாகளா?”

ராஜாத்தி போர்வையை இழுத்துவிட்டாள்.

4.

[எண் ஏறியதாக எழுதிப் பார்த்தேன். அருமையான திருப்பம், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியதாகவும் எழுதினேன். படித்தால் இரண்டும் நம்பும்படியே இருக்கின்றன. அதுதான் பயம்.]

மறுநாள் காலை. ஹுஸ்னா சீட்டோடு வருகிறாள். அவள் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. மலைச்சாமி கண்ணை மூடிக்கொள்கிறார். ராஜாத்தி வாங்கிப் பிரிக்கிறாள்.

சி.ஆர்.பி.: ______

பேனா இனி உங்களுடையது. எந்த எண்ணையும் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ராஜாத்தி சீட்டிலிருந்து தலையைத் தூக்கிவிட்டாள். என்னைத் தாண்டி உங்களைப் பார்க்கிறாள்.

“யாருன்னு தெரியல, நல்லா இருப்பீக. கொறைச்சு எழுதுங்க.”